ஊர் வரலாறு எழுதினா ‘மனசு புண்படுது’ன்னு தடுக்க முடியுமா?

நொய்யல்கரை:
காங்கேயம் பக்கத்து ஊர் ஒண்ணோட வரலாறு சிறு நூலா வருதுங்க. கோயில்ல முதல் மரியாதை யாருக்கு, எந்தக் கூட்டத்துக்கு (குலப்பிரிவுக்கு) எந்தக் காணி (பரம்பரை உரிமை), தேர் எந்தத் தெருவுக்குள்ள போகாது, டீக்கடை இரட்டை டம்ளர், எல்லாமே இருக்கு. ‘புண்படுத்துது, எடுத்துடுங்க’ங்கறாங்க சிலபேர். சட்டம் என்ன சொல்லுதுங்க? அதிகாரிங்க பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டா கையெழுத்துப் போட்டே ஆகணுமா?

பவானிக்கூடல்:
புண்படறது மட்டும் குற்றமாகாதுங்க. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பு 19(2) சொல்ற காரணங்கள்ல பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு எல்லாம் வரும். மனம் புண்படுதல் வராது. வழக்கமாப் போடறது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 299, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 295-ஏ. அது நிக்கணும்னா வேணும்னே, கெட்ட எண்ணத்தோட மத உணர்வை இழிவுபடுத்தியிருக்கணும். சமூகங்களுக்குள்ள பகை மூட்டறதுக்கு அதே சட்டத்துல 196. ரெண்டுலயும் அரசு அனுமதி இல்லாம கோர்ட் வழக்கை எடுக்காது. புகார் வந்தாலே கைதுன்னு பயப்பட வேண்டாம். டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்ய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3)ல இடமிருக்கு. எழுத்து, பேச்சு வழக்குகள்ல அதைச் செய்யறதுதான் பொருத்தம்னு 2025 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

மேக்காலத்தோட்டம்:
கையெழுத்துப் போட்டே ஆகணுமாங்கற கேள்விக்கு விடை நம்ம திருச்செங்கோட்டு வழக்குலயே இருக்குங்க. ‘மாதொருபாகன்’ நாவலுக்காக 2015 ஜனவரி 12 அன்னிக்கு நாமக்கல்ல அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தி, அதை எழுதின பெருமாள்முருகன்கிட்ட மன்னிப்பு எழுதி வாங்கினாங்க. 2016 ஜூலை 5ல அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. நடுவுல ஒன்றரை வருஷம் போனது போனதுதான். அதனால கூட்டத்துக்குக் கூப்பிட்டா போங்க, ஆனா தனியாப் போகாதீங்க. எந்தப் பக்கம், எந்த வரின்னு ஆட்சேபணையை எழுத்துல கேளுங்க. ‘யோசிச்சு எழுத்துல பதில் தர்றேன்’னு மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க.

பவானிக்கூடல்:
ஆமாங்க. கூடவே கையெழுத்துப்படியை ஒருக்கா அலசிடுங்க. சிக்கல் பெரும்பாலும் சான்று இல்லாத வரியிலதான் வரும். பட்டயத்துல இருக்கறது வேற, பெரியவங்க சொல்றது வேற. ரெண்டையும் ஒரே பத்தியில குழைக்காதீங்க. சொன்னவர் பேச்சைத் தேதியோட பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. உயிரோட இருக்கறவங்க பேரைச் சொல்லிக் குற்றம் சாட்டினா அவதூறு ஆகலாம், நியாய சன்ஹிதா பிரிவு 356. அதை மட்டும் ஒரு வக்கீல்கிட்டக் காட்டிடுங்க. சாதியை இழிவாச் சொல்ற பழமொழிகளை ருசிக்காகச் சேர்க்கவே வேண்டாம், வன்கொடுமைச் சட்டம் வரைக்கும் இழுக்கும். இரட்டை டம்ளர் பத்தியை எடுக்காதீங்க. எந்தக் கடை, எந்த வருஷம் வரைக்கும்னு சேர்த்து எழுதுங்க.