ஹைப்ரிட் எஸ்யுவி: பி0ஏ80 பிழைக் கோடு (P0A80 code) வந்திருக்கு, மொத்த பேட்டரியும் மாத்தணுமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

செம்பனை_கிராணி
வணக்கம். வண்டி 2015 ஜப்பான் ரீகோன் (அங்க ஓடி இங்க இறக்குமதியானது), 2.5 ஹைப்ரிட், நாலு வீல் இழுவை, 162,000 கி.மீ. தினமும் தோட்டத்துச் செம்மண் ரோட்டில 18 கி.மீ., மீதி டவுன் ஓட்டம்.

காலையில ஒரு குறையும் இல்ல. மத்தியானம் வெயில்ல நிறுத்தி எடுத்தா, பத்து நிமிஷத்துல பின்சீட்டுப் பக்கம் ஊதுற சத்தம் பெருசாகுது. மீட்டர்ல பேட்டரி அளவுக் கட்டம் எட்டுல இருந்து மடமடன்னு ரெண்டுக்கு இறங்கும், கொஞ்ச நேரத்துல திரும்ப ஏழுக்கு ஏறிடும். நேத்து ஹைப்ரிட் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சது. பட்டறையில ஸ்கேன் பண்ணி பி0ஏ80ன்னு சொன்னாங்க. மொத்த பேட்டரியும் மாத்தணும், 9,800 வெள்ளின்னு (ரிங்கிட்) கொட்டேஷன். சீட்டைக்கூடத் தூக்கிப் பாக்கல. இதை நம்பலாமா?

ஈப்போ_போர்மன்
பிராண்டு பேரை நீங்க சொல்லாட்டியும் டொயோட்டா குடும்பம்தான்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி, விடுங்க.

பி0ஏ80ன்னா "பேட்டரியை மாத்து"ன்னு புத்தகத்துல போட்டிருக்கும், அதைத்தான் அவங்க படிச்சுச் சொல்லியிருக்காங்க. உள்ள நடக்கிறது வேற. உங்க பேட்டரி நிக்கல் வகை. ஒரு மாடியூல் 7.2 வோல்ட், அதுக்குள்ள 1.2 வோல்ட் செல் ஆறு. 34 மாடியூல் வரிசையா சேர்ந்து 244.8 வோல்ட். கம்ப்யூட்டர் 34ஐயும் தனித்தனியா பாக்காது, ரெண்டு ரெண்டா சேர்த்து 17 பிளாக்கா பாக்கும். ஏதாவது ஒரு பிளாக் மத்ததை விட ரொம்ப விலகிப் போனா இந்தக் கோடு. அதனால 34ம் செத்திருக்கலாம், ஒண்ணே ஒண்ணும் செத்திருக்கலாம். கோடை மட்டும் வச்சுக் காசு சொல்றவங்க கிட்ட அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க.

காலையில சரி, வெயில்ல கெடுதுன்னா முதல் சந்தேகம் சூடு. இந்த பேட்டரியைக் குளிர வைக்கிறது காருக்குள்ள இருக்கிற ஏர்கோன் காத்துதான். பின்சீட்டுக்குக் கீழ சல்லடை மாதிரி ஒரு வாய் இருக்கும், அதுக்குப் பின்னாடி ஃபேன். சில மாடல்ல ஒண்ணுக்கு மேல இருக்கும். செம்மண் ரோட்டில வருஷக்கணக்கா ஓடின வண்டியில அந்த ஃபேன் எந்தக் கதியில இருக்கும்னு யோசிங்க.

காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஓபிடி புளூடூத் அடாப்டரும் (காரோட சோதனை சாக்கெட்டுல சொருகுறது) டாக்டர் பிரியஸ் ஆப்பும் (ஹைப்ரிட் பேட்டரியைப் படிக்கிற போன் ஆப்) போட்டு இதைப் பாருங்க:
- 17 பிளாக்கோட வோல்ட், வண்டி சும்மா நிக்கும்போதும் அழுத்தி ஏறும்போதும்
- பேட்டரி சூட்டு சென்சார் ஒவ்வொண்ணும் காட்டுற டிகிரி
- கோடு விழுந்த நேரத்து ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது அப்ப கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச அளவுகள். இதுக்கு ஸ்கேனர் வேணும், பட்டறையில கேட்டா பிரிண்ட் எடுத்துத் தருவாங்க

பேராக்_வயர்மேன்
அதுக்கும் முன்னாடி 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்ல இது இஞ்சினைச் சுத்துறதில்ல, கம்ப்யூட்டரை எழுப்புறதுதான் முக்கிய வேலை. அதனால சாகப் போறதை முன்கூட்டிக் காட்டாது. இது சோர்ந்தா பிரேக், ஸ்டியரிங், ஹைப்ரிட்னு சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் சேர்ந்து எரியும். ராத்திரி நிறுத்தி, காலையில கதவைத் திறந்த கையோட மீட்டர் வச்சுப் பாருங்க. 12.6 நல்லது, 12.2க்குக் கீழன்னா மாத்துற நேரம். ரெடி விளக்கு (வண்டி ஓடத் தயார்னு காட்டுறது) எரியும்போது 14க்குப் பக்கத்துல இருக்கணும்.

12 வோல்ட் பேட்டரி பின் டிக்கிக்குள்ள இருந்தா ஏஜிஎம் வகைதான் (ஆசிட் சிந்தாத, மூடின பேட்டரி) போடணும், வாயுக்குழாயையும் மறக்காம மாட்டணும். சாதாரண ஆசிட் பேட்டரி மலிவுன்னு போட்டா வாயு காருக்குள்ள வரும். ஏஜிஎம் இங்க அண்ணளவா 500ல இருந்து 900 வெள்ளி.

பானட்டைத் திறக்கும்போது எலிப் புழுக்கை இருக்கான்னும் பாருங்க. செம்பனைக் காட்டுக்குப் பக்கத்துல நிறுத்துற வண்டியில சென்சார் வயரைக் கடிச்சு வச்சிருக்கும், ஸ்கேனர்ல அது பெரிய வியாதி மாதிரி தெரியும். ஆரஞ்சு நிற உயர் வோல்ட் கேபிள்ல பல்லுத் தடம் இருந்தா கையால தொடவே வேணாம். அப்படியே மூடிட்டு டோ லோரியைக் கூப்பிடுங்க.

செம்பனை_கிராணி
நன்றி அண்ணே. 12 வோல்ட் காலையில 12.5, அது பரவாயில்ல போல. ஆப் போட்டுப் பாத்தேன். சும்மா நிக்கும்போது 16 பிளாக் 15.7ல இருந்து 15.9க்குள்ள. 9ஆவது பிளாக் மட்டும் 14.6. மேட்டில அழுத்தினா மத்தது 14.9, அது 13.2. மத்தியானம் சூடு 53 டிகிரி.

ஃபேனை நானே சுத்தம் பண்ணலாமா?

ஈப்போ_போர்மன்
53 ரொம்ப அதிகம். 45ஐத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தா காத்து போகலன்னு அர்த்தம். உங்க 9ஆவது பிளாக் எண்ணிக்கையில நடுவுல வருது. ஓரத்துல இருக்கிறதுக்குச் சூடு வெளிய போக வழியுண்டு, நடுவுல இருக்கிறது ரெண்டு பக்கமும் வேகும். ஒரு பிளாக்ல 12 செல். மத்ததை விட 1.2 வோல்ட் குறையுதுன்னா 12ல ஒரு செல் போயிடுச்சு. கணக்கு அப்படியே பொருந்துது.

ஃபேன் வேலை நீங்களே செய்யலாம், ஆனா இந்த வரிசையை மாத்தாதீங்க:
1. வண்டியை அணைச்சு, சாவியைக் காரை விட்டுத் தூரமா வைங்க.
2. 12 வோல்ட்ல நெகடிவைக் கழட்டுங்க.
3. 1000 வோல்ட் ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு பேட்டரியோட சர்வீஸ் பிளக்கை (உயர் வோல்ட்டைத் துண்டிக்கிற பிடி) இழுத்து, சட்டைப் பையில போட்டுக்குங்க. வேற யாரும் திருப்பிச் சொருகிடக் கூடாது. ஓட்டை இல்லாத கிளவுஸான்னு முதல்ல காத்து ஊதிப் பாருங்க.
4. பத்து நிமிஷம் காத்திருங்க. இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாத்திக் குடுக்கிற பெட்டி) கெபாசிட்டர்ல தேங்கியிருக்கிற மின்சாரம் இறங்கணும்.
5. பின்சீட்டைத் தூக்கி, காத்துக்குழாய் கிளிப்பைக் கழட்டி, ஃபேனை வெளிய எடுங்க.

பிளேடை விரலால பிடிச்சுக்கிட்டு மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்க. கம்ப்ரசர் காத்தை நேரா அடிச்சா ஃபேன் வெறியா சுத்தி பேரிங் போயிடும். மோட்டார்ல தண்ணி படவே கூடாது. குழாயைத் தனியா கழுவிக் காய வைக்கலாம். ஆரஞ்சு கேபிள், பேட்டரி மூடி, ரெண்டு பக்கமும் போகாதீங்க.

சல்லடையை வெளிய இருந்து வேக்குவம் போட்டா போதும்னு சிலர் சொல்லுவாங்க. சல்லடை சுத்தமாகும், அவ்வளவுதான்.

தைப்பிங்_மழை
ஒரு இடைக்கேள்வி. பின் மோட்டார் கேபிள் துருப்பிடிச்சு ஆயிரக்கணக்குல செலவுன்னு வெளிநாட்டு வீடியோ நிறைய வருதே, நம்ம வண்டிக்கும் வருமா?

பேராக்_வயர்மேன்
அது 2019ல இருந்து வந்த டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட் விஷயம். கனடா, அமெரிக்காவுல பனிக்காலத்துல ரோட்டில உப்புக் கொட்டுவாங்க. அந்த உப்புத்தண்ணி பின் மோட்டார் கனெக்டர்ல தங்கி அரிக்குது. நம்ம ஊருல உப்பு கிடையாது, சேறுதான். கீழ லிஃப்ட் போடும்போது கனெக்டர்ல மண்ணு கட்டியிருக்கான்னு பாருங்க, போதும்.

நம்ம ஊருக்கு வெள்ளம்தான் வில்லன். பேட்டரி பின்சீட்டுக்குக் கீழ இருக்கிறதால கார்பெட் நனைஞ்ச வண்டியில ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க. இன்சுலேஷன் கசிவுன்னு பி0ஏஏ6 வரும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற கூலியே பேட்டரி விலை மாதிரி பயமுறுத்தும்.

செம்பனை_கிராணி
ஃபேனைக் கழட்டினேன். பிளேடுக்கு நடுவுல இடைவெளியே தெரியல. செம்மண்ணும் சீட்டு நூலும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது, ஒரு பக்கமா உரிச்சா பட்டையா வருது. சுத்தம் பண்ணி மாட்டி, அதே மத்தியானம் அதே ரோட்டில ஓட்டினேன்: 42 டிகிரி. ஊதுற சத்தமும் பாதிதான். ஆனா 9ஆவது பிளாக் மாறல, கோடும் திரும்ப வந்துடுச்சு.

ஈப்போ_போர்மன்
செத்த செல் எழுந்து வராது. இனி வழி மூணு. விலை கடைக்குக் கடை மாறும், அண்ணளவா சொல்றேன்.

அந்த பிளாக்ல இருக்கிற ரெண்டு மாடியூலை மட்டும் மாத்துறது: ஹாஃப்கட் கடையில (பழைய கார் உதிரி விக்கிற இடம்) மாடியூல் ஒண்ணு 100, 150 வெள்ளி, கூலி 500, 600. ரீபில்ட் பேட்டரி (பழைய மாடியூல்ல நல்லதைச் சேர்த்துக் கட்டினது): 3,000ல இருந்து 4,500, ஒரு வருஷ வாரண்டி. புதுசு: உங்களுக்குச் சொன்ன 9,800 அநியாய விலை இல்ல, ஆனா அது புது பேட்டரிதான்னு பில்லுல எழுதி வாங்கணும். ரீபில்ட்டைப் புதுசுன்னு தள்ளுறது நடக்குது.

மத்த 16ம் 0.2 வோல்ட்டுக்குள்ள நிக்கிறதால முதல் வழி உங்களுக்கு ஒத்து வரும்.

பழைய_மண்டோர்
இதுல எனக்கு உடன்பாடில்ல போர்மன். 34ம் ஒரே வயசு, ஒரே வெயில். இன்னிக்கு 9, ஆறு மாசத்துல 8 இல்லன்னா 10. ஒவ்வொரு தடவையும் 800, 900 வெள்ளி. நாலு தடவை போனா ரீபில்ட் காசு வந்துடும். வண்டியை இன்னும் நாலஞ்சு வருஷம் வச்சிருக்கப் போறார்னா புதுசுதான் லாபம். ஒரு வருஷத்துல விக்கப் போறார்னா ரெண்டு மாடியூல்.

ஈப்போ_போர்மன்
அதுவும் நியாயம்தான் அண்ணே. கிராணி தம்பி, எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ரெண்டு மாடியூல்தான்னா, பட்டறையில இதையெல்லாம் கேளுங்க. புதுசா போடுறதோட கொள்ளளவை அளந்தாங்களா? மாடியூல் எல்லாத்தையும் பேரலல்ல சேர்த்து ஒரு ராத்திரி சமன் பண்ணுவாங்களா? மாடியூலை இணைக்கிற செம்புப் பட்டையில பச்சை பூத்திருந்தா தேய்ச்சு எடுப்பாங்களா? நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு 5.4 நியூட்டன் மீட்டர்தான் முறுக்குவாங்களா? கையால முறுக்கித் திருகாணியை உடைச்சா அந்த மாடியூலும் போச்சு. இதுல எதுக்காவது முழிச்சா வேற பட்டறை.

போனது போகட்டும், அங்கேயே இன்வெர்ட்டரைக் குளிர வைக்கிற தண்ணியையும் பாத்துடுங்க. ரெடி போட்டு, இன்வெர்ட்டர் டாங்கி மூடியைத் திறந்தா உள்ள தண்ணி சுழல்றது கண்ணுக்குத் தெரியணும். அசையாம கிடந்தா பம்ப் போயிடுச்சு, பி0ஏ93 வந்து நடு ரோட்டில நிறுத்தும். பம்ப் சில நூறு வெள்ளி, இன்வெர்ட்டர் பல ஆயிரம். முன் கியர்பாக்ஸ், பின் மோட்டார் ரெண்டுக்கும் எண்ணெய் டொயோட்டாவோட டபிள்யூஎஸ் வகை. பின்னாடி எண்ணெய் இருக்கிறதையே நிறைய பட்டறை மறந்துடும்.

பிரேக் பேட் சீக்கிரம் தேயாது, வேகத்தை மோட்டார்தான் குறைக்குது. ஆனா அதிகம் வேலை இல்லாததால காலிப்பர் பின் இறுகிடும். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்க. பிரேக் எண்ணெய் மாத்தும்போது ஸ்கேனர் இல்லாம பழைய மாதிரி மிதிச்சு மிதிச்சு காத்து எடுக்க விடாதீங்க.

செம்பனை_கிராணி
ரெண்டு வருஷம்தான் ஓட்டுவேன், அதனால மாடியூலே மாத்திடுறேன். சனிக்கிழமை ஈப்போவுல வேலைக்கு நேரம் குடுத்திருக்காங்க. டார்க் ரெஞ்ச் இருக்கான்னு கேட்டேன், இருக்காம். கழட்டுற பழைய ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

பேராக்_வயர்மேன்
வேணாம் தம்பி. உள்ள இருக்கிறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம், கையில பட்டா சோப்பு மாதிரி வழவழக்கும், அப்புறம் புண்ணாகும். நிக்கலுக்கு மறுசுழற்சி விலை இருக்கு, பட்டறைக்காரரே எடுத்துக்குவார். பில்லுல அதுக்குக் காசு கழிச்சாரான்னு மட்டும் பாருங்க. வேலை முடிஞ்சதும் கோடை அழிச்சிட்டு, 30 கி.மீ. ஓட்டி, 17 பிளாக்கையும் திரும்பப் படிச்சு இங்க போடுங்க.