பதிவேட்டில் இருக்கிறார்கள், ஆராதனையில் இல்லை: வீடு வீடாகப் போனபோது கண்டது

மட்டக்களப்பு நகரை ஒட்டிய பழைய மெதடிஸ்த சபை எங்களுடையது. வருடாந்தக் கூட்டத்தில் அங்கத்தவர் தொகையை வாசிப்பார்கள், எல்லோரும் தலையாட்டுவோம். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் பாதி வாங்குகள் காலி. தொகை வாசித்தது போதும், பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம் என்று சிலர் முடிவெடுத்தோம். "சனம் மனம் உடைஞ்சு போயிரும் தம்பி" என்று ஒரு மூத்தவர் தடுத்தார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனாலும் போனோம்.

பல காரணங்கள் தெரிந்தவையே. கனடா, லண்டன், கட்டார். 2022 நெருக்கடிக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகவே கிளம்பிவிட்டார்கள். சிலர் சுயாதீன சபைகளுக்குப் போகிறார்கள். அங்கே பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்களாம். 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பயம் இன்னும் சில வீடுகளில் தணியவில்லை. அன்று இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கும் தாயிடம் விசுவாசக் குறைவு என்று பேச யாருக்கும் உரிமை கிடையாது.

நாங்கள் எதிர்பார்க்காத காரணம் கல்லடியில் ஓர் அம்மாவின் வீட்டில் கிடைத்தது. சபைக்கு மாதாமாதம் கட்டும் சந்தாவின் அட்டையை வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். கணவர் இறந்த மாதம் வரை கட்டி ஒப்பம் வாங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு கட்டங்கள் எல்லாம் வெறுமை.

"இவ்வளவு நிலுவைய வெச்சிக்கிட்டு எப்படி மனே வந்து முகம் காட்டுற? முப்பத்தொண்டாம் நாள் நினைவு முடிஞ்சதோட ஒருத்தரும் இந்தப் பக்கம் வரவும் இல்ல."

அவர் ஜெபத்தை விடவில்லை, வேதம் வாசிப்பதை விடவில்லை. எங்கள் கணக்கில் மட்டும் 'வராதவர்'. இதே வெட்கத்தோடு இன்னும் சில வீடுகள் இருந்தன. காலம் கெட்டுப்போச்சு, இளசுகளுக்குப் பக்தி இல்லை என்று பிரசங்கம் செய்வது சுலபம். நிலுவைப் பட்டியலைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல, நாங்கள் என்று கூட்டத்தில் எழுந்து சொல்வதுதான் கஷ்டம். சொன்னோம். உண்மையான தொகையையும் வாசித்தோம்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயரின் பெயர் எங்கள் கூட்டங்களில் அடிக்கடி வரும். 1814இல் மட்டக்களப்புக்கு வந்தவர், ஓராண்டு நிறையும் முன்பே 1815இல் காலமானார். அந்தச் சில மாதங்களுக்குள் பள்ளிக்கூடங்கள் திறந்தார். பெருமைப்படப் பெரிய தொகை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. 2014இல் அந்த வருகையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடிய நாம் சிறிய தொகைக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம்?

இதை வாசித்துவிட்டுக் கல்முனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:
அண்ணா, நாங்கள் கத்தோலிக்கர். ஆயித்தியமலைத் திருவிழாவுக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தைப் பார்த்தால் குறைவு என்ற பேச்சே எழாது. அதே பிள்ளைகள் ஞாயிறு பூசையில் இல்லை, ரியூசன் வகுப்பில் இருக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தை வைத்தே நாங்கள் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். சந்தா விஷயம் எங்கள் பங்கிலும் இருக்கும் போல. அந்த அம்மா இப்போது வருகிறாரா?

பதில்:
இன்னும் இல்லை தங்கச்சி. நிலுவையைத் தள்ளிவிட்டோம், அட்டையையும் வாங்கி வைத்துவிட்டோம். மாதர் ஒன்றியத்திலிருந்து இரண்டு பேர் கிழமைக்கு ஒருதரம் அவரிடம் போய் வருகிறார்கள். உங்கள் பங்கில் நிலுவை உள்ள குடும்பங்களிடம் யார் போய்ப் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.