குசினி லைட்டுக்கு மூன்று சுவிச்

அக்கா: இந்தக் கிழமைக்குள் சுவர் பூசப் போகிறார்களாம். குசினி லைட் சுவிச் எங்கே வைப்பது என்று வயரிங் வேலை செய்யும் பாஸ் கேட்கிறார். இன்றைக்கே சொல்ல வேண்டும்.

அம்மா: கிணற்றடிக் கதவோடு ஒன்று கட்டாயம். விடிய எழும்பி அந்தப் பக்கத்தால்தான் வருவேன். இருட்டில் சுவரைத் தடவித் திரிய ஏலாது.

அக்கா: ஹோல் பக்கம் ஒன்று, சாப்பாட்டறைப் பக்கம் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. மூன்று வாசல், ஒரே லைட். செய்யலாமா தம்பி?

சின்ன மாமா: மூன்றுக்கும் டூ வே வாங்கிப் போடுங்கோ. வேலை முடிந்தது.

தம்பி (தோஹா): இல்லை மாமா, டூ வே இரண்டு இடத்துக்குத்தான். மூன்றாவது இடத்துக்கு நடுவில் இன்டர்மீடியட் சுவிச் வேண்டும். முன்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி. பின்னால் திருப்பிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கோ: டூ வேக்கு வயர் பூட்டும் இடம் மூன்று, இதற்கு நான்கு.

தம்பி (தோஹா): லைன், அதாவது கரண்ட் கொண்டுவரும் வயர், வருவது ஹோல் சுவிச்சின் கொமனுக்கு, அதாவது அந்த மூன்று இடத்தில் பொதுவானதுக்கு. மற்ற இரண்டு இடத்திலிருந்தும் இரண்டு வயர் சாப்பாட்டறைச் சுவிச்சுக்கு, அங்கிருந்து இரண்டு கிணற்றடிச் சுவிச்சுக்கு. அதன் கொமனிலிருந்து ஒன்று பல்புக்கு. நடுச் சுவிச் அந்த இரண்டு வயரையும் ஒரு தட்டில் நேரே விடும், மறு தட்டில் குறுக்கே மாற்றும், அவ்வளவுதான். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், எந்தச் சுவிச்சுக்கும் போகாது, நேரே பல்புக்கு. ஆனால் சுவிச்சுக்குச் சுவிச் பைப் வேண்டும், பூசிய பிறகு என்றால் சுவரை வெட்ட வேண்டிவரும்.

அக்கா: வயர்?

தம்பி (தோஹா): லைட்டுக்கு 1/1.13 போதும், அதாவது 1.13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒற்றைக் கம்பி.

சின்ன மாமா: எங்கள் வீட்டில் லைன் ஹோலிலிருந்து, நியூட்ரல் குசினியிலிருந்து எடுத்தது. எரியத்தானே செய்கிறது.

தம்பி (தோஹா): எரியும் மாமா. ஆனால் இரண்டும் வேறு வேறு சேர்க்கிட், அதாவது தனித்தனி பிரேக்கரில், என்றால் ஆபத்து. குசினி பிரேக்கரை இறக்கிவிட்டு ஒருவன் நம்பிக்கையோடு நியூட்ரலைக் கழற்றினால், ஹோல் கரண்ட் பல்புக்குள்ளால் வந்து அவனுக்கு அடிக்கும். இரண்டையும் ஒரே சேர்க்கிட்டில்தான் எடுக்க வேண்டும்.

அம்மா: ஐயோ.

தம்பி (தோஹா): அக்கா, கிணற்றடிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

அக்கா: உள்ளே, இடப்பக்கச் சுவரோடு.

தம்பி (தோஹா): அப்ப சுவிச் வலப்பக்கம். இடப்பக்கம் வைத்தால் கதவைத் திறந்ததும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். உப்புவெளிக் கடற்காற்று, பெட்டிக்குப் பித்தளை ஸ்க்ரூ போடச் சொல்லுங்கோ, இரும்பு துருவேறிக் கழற்ற வராது.

அக்கா: பாஸுக்கு அனுப்பிவிட்டேன். டவுனில் போன கடையில் டூ வே மட்டும்தான் இருக்காம். பின்னேரம் மத்திய வீதியில் பார்க்கிறாராம்.

தம்பி (தோஹா): கிடைக்காவிட்டால் பெட்டியையும் பைப்பையும் வைத்துப் பூசட்டும், சுவிச் பிறகு பூட்டலாம். பூட்டியதும் மூன்றையும் மாறி மாறித் தட்டிப் பாருங்கோ. ஒன்று ஒரு பக்கம் இருந்தால்தான் மற்றது வேலை செய்கிறது என்றால் கொமன் வயர் இடம் மாறியிருக்கிறது.

சின்ன மாமா: பிள்ளை, அந்தப் பாஸை எங்கள் வீட்டுப் பக்கமும் ஒருக்கா வரச் சொல்லு.