மறுமொழி: வழங்கி மீட்புத் திட்டம் – ‘ரெஸ்டோர்’ என்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். வட்டு பழுதானால் வழங்கியை (சர்வர்) எப்படித் திரும்ப இயக்குவது என்ற திட்டத்தை எழுதுகிறோம். அதில் ‘ரெஸ்டோர்’, அதாவது காப்புநகலிலிருந்து (பேக்கப்) தரவைத் திரும்ப வைப்பதற்கு, என்ன சொல் என்பதே கேள்வி. உங்கள் கருத்துகளுக்கு என் பதில்கள் கீழே.

> ரெஸ்டோர், ரெகவரி, ரீசெட் மூன்றுக்கும் ‘மீட்டமை’ போதும். சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

போதாது. குரோம் உலாவியில் அமைப்புகளை ‘மீட்டமை’த்தால் நாம் செய்துவைத்த மாற்றங்கள் போய்விடுகின்றன. போனதைத் திரும்பக் கொண்டுவரவும் அதே சொல்லா? வட்டு பழுதாகி, நள்ளிரவில் திட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டளை தட்டுபவர் சூழலை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். ‘மீட்டமை’ ரீசெட்டுக்கே இருக்கட்டும். ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது வீண் வேலை.

அடுத்தது ‘மீட்பு’. அடகு வைத்த நகையை மீட்டால் அதே நகைதான் கைக்கு வரும். அதுபோல் மீட்பு என்றால் அந்தப் பொருளே திரும்ப வேண்டும். சாகக் கிடக்கும் வட்டிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்து, பழுதான பகுதிகளுக்குப் பிறகு திரும்பிப் போகிறோமே, அதுதான் மீட்பு. காப்புநகலிலிருந்து புது வட்டில் தரவை வைப்பது வேறு வேலை. அங்கே பழைய வட்டு குப்பைக்கே போயிருந்தாலும் கவலையில்லை.

> அப்படியானால் ‘காப்பேற்றம்’?

ஓசை நன்றாக இருக்கிறது, திசைதான் தெரியவில்லை. ‘பதிவேற்றம்’ பழகிய காதுக்கு, காப்புநகலைத் தொலைவிலுள்ள வழங்கிக்கு அனுப்புவதாகவே படும். நேர் எதிரான இரண்டு செயல்களை ஒரு சொல் குறிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

என் முன்மொழிவு ‘மீளேற்றம்’. இணையப் பக்கத்தை மறுபடி ஏற்றுவதற்கும் சிலர் இதைச் சொல்கிறார்கள் என்பது தெரியும். அதனால் ஒருவருடைய தரவும் அழியப்போவதில்லை. ஐயம் வரும் இடத்தில் ‘காப்பு மீளேற்றம்’ என்று விரித்து எழுதலாம்.

ரெய்டில் (பல வட்டுகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் அமைப்பு) ஒரு வட்டு போய், மாற்று வட்டு செருகியதும் நடப்பதை ‘மறுகட்டல்’ என்போம். அங்கே தரவு போகவே இல்லை, ஆகவே மீளேற்றம் ஆகாது.

சிக்கல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள நிரலில்தான். அடிப்படை நகலை வைத்தபின், அதற்குப் பிந்தைய மாற்றங்களைப் பதிவுக் கோப்புகளிலிருந்து வரிசையாக நிகழ்த்திக்கொண்டு வருகிறது. அந்தக் கட்டத்தை அதன் ஆவணங்கள் ரெகவரி என்கின்றன. அதற்காக நாமும் ‘மீட்பு’ என்றால் மேலே பிரித்ததெல்லாம் கலந்துவிடும். ‘மறுநிகழ்த்தல்’ என்றே வைக்கலாம். எந்த மணி வரை மறுநிகழ்த்துவது என்று நிறுத்தவும் முடியும். யாராவது தவறுதலாக அட்டவணையை அழித்திருந்தால் அந்த நொடிக்குச் சற்று முன்னால் நிறுத்துவதுதான் வழி.

> சோதனை மீளேற்றத்துக்கும் தனிச்சொல் வேண்டுமா?

‘ஒத்திகை’ இருக்க, எதற்குப் புதிதாக? திட்டத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல் அது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவு (கோப்புறை) தவறுதலாக அழிக்கப்பட்டது. சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி. அங்கே பழுதானது வட்டு அல்ல, ஆனால் மீளேற்றத்தின் பாடு ஒன்றுதான். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, நகலெடுத்த நிரலோ 9.2. பொருந்தாமல் நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களையும் டிமார்க் எனும் அனுப்புநர் சரிபார்ப்பு தடுத்துவிட்டது. நகல்கள் இருக்க வேண்டிய சேமிப்பகம் காலி. கடைசியில் கைகொடுத்தது, ஓர் ஊழியர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்திருந்த எல்விஎம் நிலைப்படம் (அந்த நொடியில் வட்டு இருந்த நிலையின் நகல்). அது இருந்த வட்டுகள் மெதுவானவை என்பதால், நகலைக் கொண்டுவந்து சேர்ப்பதிலேயே பெரும்பகுதி நேரம் போயிற்று.

நிலைப்படத்துக்குப் பிந்தைய தரவு போய்விட்டது. அந்த ஆறு மணி நேரத்துக்கும் சொல் வேண்டும். எவ்வளவு தரவு போனால் தாங்குவோம் என்பதை ‘இழப்பு வரம்பு’ என்றும், எவ்வளவு நேரம் வழங்கி நின்றால் தாங்குவோம் என்பதை ‘நிறுத்த வரம்பு’ என்றும் சொல்லலாம். இரண்டையும் திட்டத்தில் மணிக்கணக்காக எழுத வேண்டும், ‘விரைவில்’ என்றல்ல.

வரைவில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

1. பழைய வட்டில் எதையும் எழுதாதே, மீட்பு தேவைப்படலாம்.
2. புது வட்டில் அதே முதன்மைப் பதிப்புப் போஸ்ட்கிரெஸ், பிறகு மீளேற்றம்.
3. மறுநிகழ்த்தல் முடிந்ததா என்று பதிவில் பார்.
4. எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல்) பழைய வட்டின் அடையாள எண் இருந்தால் மாற்று. இல்லையேல் அடுத்த தொடக்கத்தில் வழங்கி எழாமல் போகலாம்.

மூன்றாம் வரியிலுள்ள ‘பதிவு’ எனக்கு உறுத்துகிறது. செயல்பாட்டைக் குறித்துவைக்கும் கோப்பும் பதிவு, மாற்றங்களை வைத்திருக்கும் கோப்பும் பதிவு. பின்னதற்கு ‘மாற்றப்பதிவு’ சரிவருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்; ஒத்திகைக்கு அந்த வரைவைத்தான் கொண்டுபோகிறோம்.