பண்டசாலை என்றால் சபையா?

பெரோயன்:
நேற்று ஒரு சகோதரர் இங்கே எழுதியிருந்தார்: "வேதாகமத்தில் மல்கியா 3:10 சொல்லும் பண்டசாலை இன்றைய கிறிஸ்தவ சபைதான். சம்பளத்தில் பத்தில் ஒன்றை அங்கே செலுத்தாதவன் தேவனைக் கொள்ளையிடுகிறான்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பண்டசாலைதான் சபை என்று எந்த வசனம் சொல்கிறது? ஒன்றே ஒன்று காட்டுங்கள். மல்கியா சொன்னது எருசலேம் ஆலயத்தின் சேமிப்பு அறைகளை. உள்ளே இருந்தது தானியம், திராட்சரசம், எண்ணெய். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று அதே வசனத்தில் இருக்கிறது. ஆகாரம் ஐயா, ரொக்கம் இல்லை.

லேவியன்:
எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அன்று ஆலயம், இன்று சபை. ஆவிக்குரிய ஆகாரம் எங்கே கிடைக்கிறதோ அங்கே கொடுக்கிறோம். இதற்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி? கொடுக்க மனமில்லாதவர்களுக்குத்தான் சேமிப்பு அறையின் நீள அகலமெல்லாம் தேவைப்படும்.

பெரோயன்:
வசனம் கேட்டேன், வசை வந்திருக்கிறது. சரி, நானே தருகிறேன். நெகேமியா 10:37, 38 வாசியுங்கள். ஜனங்கள் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்றை, ஆலயப் பணி செய்த லேவியருக்குக் கொடுத்தார்கள், லேவியர் அதை வெளியூர்ப் பட்டணங்களிலேயே வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தசமபாகத்தில் பத்தில் ஒன்றைத்தான் லேவியர் ஆலயத்துப் பொக்கிஷ அறைகளுக்குக் கொண்டுவந்தார்கள். கணக்குப் போடுங்கள், அறைக்கு வந்தது நூற்றில் ஒன்று. உங்கள் பண்டசாலைக்கு மட்டும் பத்தும் எப்படி வருகிறது?

லேவியன்:
நெகேமியா 10-ல் நிறுத்திவிட்டீர்களே! 13:12-ல் யூதர் எல்லாருமே தசமபாகத்தைப் பொக்கிஷ அறைகளுக்குக் கொண்டுவந்தார்கள் என்றிருக்கிறதே. அதற்கு முன் 13:10-ல் பங்கு கிடைக்காத லேவியர் அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். ஊழியக்காரர் வயிறு காய்ந்தால் உங்களுக்குச் சந்தோஷமோ? மத்தேயு 23:23-ல் இயேசுவே தசமபாகத்தை விடக்கூடாது என்றார். அவரையும் திருத்துவீர்களா?

கடுகுவிதை:
நடுவில் ஒரு சந்தேகம். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா, மொத்தச் சம்பளத்திலா? எங்கள் சபையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

லேவியன்:
மொத்தத்தில்தான். முதற்பலன், அதாவது முதல் விளைச்சல், தேவனுக்கு.

கடுகுவிதை:
முதற்பலன் வேறு, தசமபாகம் வேறு இல்லையா? நெகேமியா 10-லேயே இரண்டும் தனித்தனியாக வருகிறதே.

லேவியன்:
சகோதரி, நீங்களும் அவர் பக்கமா?

பெரோயன்:
அவர் யார் பக்கமும் இல்லை, கேள்வி கேட்டார். பதிலுக்கு அணி பிரிக்கிறீர்கள். மத்தேயு 23:23 யூத மதக்குழுவான பரிசேயரிடம் பேசியது, வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் எடுத்தவர்களிடம். ஆலயம் நின்றிருந்த காலம், மோசேயின் நியாயப்பிரமாணத்தின் கீழ். மத்தேயு 8:4-ல் குஷ்டரோகியிடம் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொன்னவரும் அவர்தான். அதையும் இன்று செலுத்துகிறீர்களா? பண்டசாலை = சபை, வசனம் எங்கே?

மேய்ப்பர்வீட்டுப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். என் அப்பா போதகர். ஆராதனை முடிந்ததும் அம்மா காணிக்கைப் பையை மேசையில் கொட்டி, சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்குவார். வாடகைக்கு எடுத்து வைத்தபின் மிஞ்சுவதில்தான் எங்கள் சாப்பாடு. மிஞ்சாத வாரமும் உண்டு. பண்டசாலையா இல்லையா என்று நீங்கள் அடித்துக்கொள்ளும்போது அந்த மேசைதான் என் கண்ணில் நிற்கிறது. 1 கொரிந்தியர் 9:14 சுவிசேஷம் அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்கிறது. அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

பெரோயன்:
தம்பி, உன் அப்பா மாதிரி ஊழியருக்குப் பத்து அல்ல, இருபதும் கொடுப்பேன், மனசாரக் கொடுப்பேன். 2 கொரிந்தியர் 9:7-ல் "கட்டாயமாயுமல்ல" என்று பவுல் எழுதியதும் அதுதான். என் கோபம் வேறு. என் அக்கா விதவை. வேலை போய் நாலு மாதம் வீட்டில் இருந்தாள். சபையில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அவள் பெயருக்கு நேரே நாலு கட்டத்திலும் சிவப்பு மையில் "பாக்கி". அதை அவளிடமே திருப்பிக் காட்டினார்கள். உபாகமம் 14:28, 29 என்ன சொல்கிறது? மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்கு. விதவைக்குப் போகவேண்டியதை விதவையிடமே பாக்கி கேட்பதா? கேட்டால் "பண்டசாலை" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அத்தனையும்.

லேவியன்:
உங்கள் அக்காவுக்கு நடந்தது தப்பு, அதை யாரும் சரி என்று சொல்லவில்லை. அதற்காக வசனத்தை மாற்ற முடியாது. ஆபிரகாம் ஆசாரியனான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தபோது நியாயப்பிரமாணமே இல்லை.

பெரோயன்:
போரில் மீட்ட பொருளில் கொடுத்தார், எபிரெயர் 7:4. அவர் மாதாமாதம் கொடுத்ததாக எங்கே எழுதியிருக்கிறது? அவருடைய தசமபாகம் எந்தப் பண்டசாலைக்குப் போனது?

லேவியன்:
ஓய்வுநாள் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், ஒரே கேள்வியை முப்பது முறை கேட்டுக் கடைசியில் ஜெயித்ததாக எழுதினீர்கள்.

பெரோயன்:
ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்கிற கொலோசெயர் 2:16-க்கு அங்கே பதில் சொல்லாமல் போனவர் நீங்கள். இன்றுவரை சொல்லவில்லை.

கடுகுவிதை:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. மொத்தத்திலா, கைக்கு வருவதிலா?

லேவியன்:
சொல்லியாயிற்று சகோதரி. மொத்தத்தில். சபைக்கு.

பெரோயன்:
சபைக்கு என்பதற்கு வசனம்?