கீழவீதி குடும்பம் குரூப்: நாளைக்கு பாட்டியை யார் கூட்டிட்டு வர்றது?

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

திவ்யா, மாலை 6:12
பாட்டி ஃப்ளைட் நாளைக்கு 3:40க்கு பிலடெல்பியால இறங்குது. யார் போறீங்க?

கார்த்தி 6:14
நான் போறேன். ஆனா நாளைக்கு டெம்பிள் யுனிவர்சிட்டில கமலா ஹாரிஸோட தேர்தல் கூட்டம், துணைக்கு எடுக்கற ஆளோட. எந்த ரோடு அடைப்பாங்கன்னு தெரியல

பத்மா பெரியம்மா 6:15
வீல்சேர் சொல்லியாச்சா

பாலு மாமா 6:17
கமலா கூட துணை ஜனாதிபதிக்கு நிக்கப்போறது நம்ம பென்சில்வேனியா கவர்னர் ஷாபிரோதான். உறுதி. இல்லாட்டி பிலடெல்பியால ஏன் மேடை போடறாங்க? மேயரம்மாவே வீடியோ போட்டுட்டாங்களே

ரகு சித்தப்பா 6:24
பாலு, மேடை போட்ட ஊரை வச்சு ஆளைச் சொல்ல முடியாது. 2008ல துணை ஜனாதிபதி வேட்பாளரா அலாஸ்கா பேலினை அறிவிச்சது ஒஹாயோ டேட்டன்ல. 2016ல ஹிலரிக்குத் துணையா வர்ஜீனியா கெய்ன் முதல்ல மேடை ஏறினது மயாமில. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கற எலெக்டர் ஓட்டுல பென்சில்வேனியாவுக்கு 19. 2020ல பைடன் இங்க தப்பிச்சது சுமார் 80,000 ஓட்டுல. யாரை எடுத்தாலும் முதல் கூட்டம் இங்கதான் வைப்பாங்க.

கார்த்தி 6:25
சித்தப்பா ரோடு 🙏

ரகு சித்தப்பா 6:33
வரேன் இரு. நேத்து கமலா வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினது மூணு பேர்: கவர்னருங்க ஷாபிரோ, வால்ஸ், அப்புறம் செனட்டர் கெல்லி. இவங்க எழுந்து போனா அந்த நாற்காலில யார் உக்காருவாங்க, அதைப் பாக்கணும். ஷாபிரோ போனா துணை கவர்னர் ஆஸ்டின் டேவிஸ், வால்ஸ் போனா துணை கவர்னர் பெக்கி ஃபிளானகன், ரெண்டு பேரும் கமலா கட்சி, டெமாக்ரட். கெல்லி போனா அரிசோனா கவர்னர் அதே கட்சி ஆளைத்தான் நியமிக்கணும், சட்டம் அப்படி. ஆனா 2026ல இடைத்தேர்தல் வந்துடும். 2028 வரைக்கும் கவலையில்லாத செனட் சீட் அது. வட கரோலினா கவர்னர் கூப்பர் போன வாரமே இந்தப் போட்டியில இருந்து விலகிட்டார். அவர் மாநிலத்தை விட்டு வெளிய போனா துணை கவர்னர் ராபின்சன் பொறுப்புக்கு வந்துடுவார், அவர் ரிபப்ளிகன். பிரசாரத்துக்கு ஊர் ஊரா போயாகணுமே.

திவ்யா 6:35
கவர்னர் நியூசம்?

ரகு சித்தப்பா 6:39
அவரும் கலிஃபோர்னியா, கமலாவும் கலிஃபோர்னியா. அரசியல் சட்ட 12வது திருத்தப்படி ஒரு மாநில எலெக்டர் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி ரெண்டு ஓட்டையும் தன் மாநிலத்துக்காரங்களுக்கே போட முடியாது. கலிஃபோர்னியாவோட 54 ஓட்டு சிக்கல்ல மாட்டும். ட்ரம்புக்கு செனட்டர் ரூபியோவை எடுக்கற விஷயத்துலயும் இதே தலைவலி இருந்துச்சு, ரெண்டு பேரும் ஃபுளோரிடா. 2000ல புஷ்ஷுக்குத் துணையா வந்த செனி டெக்ஸஸ்ல இருந்தார், புஷ்ஷும் டெக்ஸஸ். உடனே வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாத்திக்கிட்டார். புஷ்ஷுக்குத் துணை ஆள் தேடற வேலைக்குத் தலைமையே அவர்தான்!

பாலு மாமா 6:40
மாப்பிள்ளை பாக்கப் போன தரகரே மாலை போட்டுக்கிட்டார் 😂

பத்மா பெரியம்மா 6:44
கமலாவோட தாத்தா ஊர் துளசேந்திரபுரம் கோயில் கல்வெட்டுல கமலா பேர் இருக்கு. 2014ல 5000 ரூபா. நம்ம கோயில் கும்பாபிஷேகத்துக்கு சில பேர் பங்கு இன்னும் வரல

ரகு சித்தப்பா 6:45
அனுப்பறேன் அண்ணி

பாலு மாமா 6:47
அத்தான், ஷாபிரோ 2022 கவர்னர் தேர்தல்ல கிட்டத்தட்ட 15 சதவீத வித்தியாசத்துல ஜெயிச்சவர்

ரகு சித்தப்பா 6:55
அது அவருக்கு விழுந்த ஓட்டு. மேல ஜனாதிபதிக்கு நிக்கறவருக்கு அப்படியே மாறாது. 1988ல டுகாகிஸுக்குத் துணையா நின்ன பென்ட்சன் டெக்ஸஸ்காரர், ஆனா டெக்ஸஸ் கிடைக்கல. 2004ல எட்வர்ட்ஸ் வட கரோலினா, போச்சு. 2012ல ரயன் விஸ்கான்சின், போச்சு. கூட நிக்கறவர் ஓட்டு கொண்டுவரலேன்னாலும் இருக்கறதைக் கெடுக்காம இருந்தா சரி. 1972ல துணை வேட்பாளரா ஈகிள்டனை அவசரத்துல எடுத்தாங்க. மனநோய்க்கு ஷாக் ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டது வெளிய வந்து, எடுத்த 18 நாள்லயே விலக வேண்டியதாச்சு. அதனாலதான் இப்ப வருமான வரி, கடன், கேஸ், பழைய பேச்சு எல்லாத்தையும் வக்கீல் வச்சுத் தோண்டறாங்க. கமலாவுக்கு முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் ஆளுங்க பாக்கறாங்க.

பாலு மாமா 6:56
கூடுவாஞ்சேரி மனைக்கும் நீங்கதான் வில்லங்கம் பாத்தீங்க

ரகு சித்தப்பா 6:56
அது இந்த குரூப்ல வேண்டாம்

திவ்யா 6:57
🤐

கார்த்தி 6:58
ரோடு???

ரகு சித்தப்பா 7:02
ஊருக்குள்ள ஐ-76 பக்கமே போகாதே. கான்வாய் வந்தா ராம்ப்பை மூடிடுவாங்க, எவ்ளோ நேரம்னு சொல்ல மாட்டாங்க. ஏர்போர்ட்ல இருந்து ஐ-95 சவுத், அப்புறம் ப்ளூ ரூட் 476 நார்த், அப்படியே கிங் ஆஃப் பிரஷியா பக்கம். டெர்மினல் ஏ வாசல்ல நிக்காதே, விரட்டுவாங்க. செல்ஃபோன் லாட்ல இரு, பாட்டி பெட்டி எடுத்துட்டு கூப்பிட்டப்புறம் போ.

பத்மா பெரியம்மா 7:05
ஆவக்கா மூணு பாட்டில் வச்சிருக்காங்க. கஸ்டம்ஸ்ல கேட்டா மறைக்காம சொல்லச் சொல்லு

பாலு மாமா 7:06
பந்தயம்? 2016ல ஹிலரின்னு சொல்லி தோத்த ஒரு கிலோ பால்கோவாவே பாக்கி இருக்கு

ரகு சித்தப்பா 7:09
நான் பேர் சொல்ல மாட்டேன். 2004ல நியூயார்க் போஸ்ட் பத்திரிகை முதல் பக்கத்துலயே ஜான் கெர்ரிக்குத் துணை கெப்ஹார்ட்னு போட்டான். வந்தது எட்வர்ட்ஸ்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

திவ்யா, காலை 9:21
வால்ஸாம்!!!

பாலு மாமா 9:22
யாரு அது

ரகு சித்தப்பா 9:29
மின்னசோட்டா கவர்னர். ஸ்கூல் வாத்தியார், ஃபுட்பால் கோச், 24 வருஷம் நேஷனல் கார்ட் படை, கிராமத்துத் தொகுதியில இருந்து 12 வருஷம் அமெரிக்க காங்கிரஸ் சபை உறுப்பினர். எதிர்க்கட்சியை ‘விநோதமான ஆளுங்க’ன்னு டிவில சொன்னாரே, அவர்தான். 10 எலெக்டர் ஓட்டு, அதுவும் 1976ல இருந்து டெமாக்ரட்டுக்கே போற மாநிலம். சொந்த மாநிலக் கணக்கே இல்ல பாரு.

பாலு மாமா 9:30
நேத்து இதைச் சொல்லவே இல்லையே

ரகு சித்தப்பா 9:30
கேட்டாதானே

கார்த்தி 9:41
எனக்கு 4 மணிக்கு மீட்டிங் போட்டுட்டாங்க 😩 பாலு மாமா நீங்க போக முடியுமா

பத்மா பெரியம்மா 9:42
வீல்சேர் சொல்லியாச்சான்னு நேத்தே கேட்டேன்

பாலு மாமா 9:50
பாக்கறேன். ஐ-76ல வந்துடலாம்ல?