புதுப்பிப்பு: வீட்டை விட்டுப் போன மகன் கிடைத்துவிட்டான்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். 16 வயது மகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான், போலீசுக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருந்தேன். 18 வயதுக்குள் என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே எஃப்ஐஆர் போடச் சொல்லி 2013-லேயே உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. ஸ்டேஷனில் முதலில், "ஒரு நாள் பொறுங்க, சொந்தக்காரங்க வீட்ல இருப்பான்" என்றார்கள். உத்தரவைச் சொன்னதும் புகாரைப் பதிவு செய்தார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் செய்தேன்.

மறுநாள் விடியற்காலை திருச்சி ஜங்ஷனில் ரயில்வே போலீசார் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடப் பையில் பாதி தின்ற பன் இருந்தது.

ஒன்று எதிர்பார்க்கவில்லை. குழந்தைகள் நலக் குழுவினர் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் மாவட்ட அரசுக் குழு) அவனிடம் தனியாகப் பேசிய பிறகுதான் எங்களோடு அனுப்பினார்கள். அந்தக் குழுவிடம் போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.